ஆறு பாட்டில், ஒரு மூக்கு

"அதான் சொல்றேன் ஸ்டெல்லா, ஒம் மருமகங்கிட்ட சொல்லு, எடுத்த எடுப்புலயே பொகை வாடை அடிக்கிறத வாங்கிடப் போறாரு!"

கிரைண்டரில் மாவு ஓடட்டும், நீ ஏன் இப்படி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாய்? கட்டைவிரல் ரேகை வைக்கிறவள்தான் நான். பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆறு சிங்கிள் மால்ட் விஸ்கியை மோந்து பார்த்துத் தரம் பிரித்தவள் இந்த ஆம்பூரில் என்னைத் தவிர வேறு எவளாவது உண்டா? உன் மருமகன் புதுசாகக் குடித்துப் பார்க்க ஆசைப்பட்டு, எது நல்லது என்று செல்போனில் தேடுகிறாராம். என் மூக்கைக் கேட்டிருக்கலாம். முட்டி ஒழுங்காக இருந்தால் நானே உன் வீட்டு மாடி ஏறி வந்து சொல்லியிருப்பேன். இப்போதெல்லாம் நாலு படி ஏறினாலே அலுத்துப் போகிறது.

எங்கள் வீட்டுக்காரர் அப்போது ஒரு ஷூ கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதே கம்பெனியில் தோல் தரம் பிரிப்பேன். தடவிப் பார்ப்போம், இழுத்துப் பார்ப்போம், மோந்தும் பார்ப்போம். கொழுப்பு சரியாகப் போகாத தோல் இரண்டு மேஜை தள்ளிக் கிடந்தாலும் எனக்கு மூக்கில் ஏறிவிடும். முதல் தரத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு, இரண்டாம் தரத்துக்கு இரண்டு கோடு, கழித்ததற்குப் பெருக்கல் குறி. எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் அந்த மூன்றுதான். வேலை விட்டு வந்தால் என் அம்மா என்னைப் பக்கத்தில் சேர்க்கமாட்டாள், தோல் நாற்றம் என்பாள். அவள் கருவாடு விற்கிறவள். அவள் சொன்னாள் பார்! அது கிடக்கட்டும்.

எங்கள் முதலாளி பாய் ஐந்து வேளை தொழுகிறவர். அந்த வருஷம் பெரிய ஆர்டரோடு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வருவதாக இருந்தது. சாயங்காலம் ஒரு கிளாஸ் சிங்கிள் மால்ட் இல்லாமல் அவருக்கு ஆகாதாம். "நம்ம கை அதத் தொடாது. ஆனா வீடு தேடி வர்ற மெஹ்மானுக்குக் கொறை வெக்கக் கூடாது" என்று முதலாளி மேனேஜரிடம் சொல்லிவிட்டார். மேனேஜர் பெங்களூரிலிருந்து ஆறு குட்டி பாட்டில் வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் ஒரு வகை. ருசி பார்த்து எது நல்லது என்று சொன்னால், அதில் பெரிய பாட்டிலாக வாங்கிக்கொள்ளலாம். மேனேஜரோ சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிறவர், தொடமாட்டார். நேராக எங்கள் வீட்டுக்காரரிடம் கொண்டு வந்து வைத்தார்.

"ஒனக்குத் தெரியாததா இன்னா? ஒரு காலத்துல ஆம்பூரையே குடிச்சித் தீத்தவனாச்சே நீ."

எங்கள் வீட்டுக்காரர் குடியை விட்டு அப்போது மூன்று வருஷம். அதற்கு முன்னால் பாலாற்று மணலில் விழுந்து கிடந்தவரை எத்தனை முறை தூக்கி வந்திருக்கிறேன் என்று என் இடுப்புக்குத்தான் தெரியும். விரிஞ்சிபுரம் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டார். அன்று மத்தியானம் நான் கெஸ்ட் ஹவுஸ் சமையலறைக்குப் போனால், ஆறு பாட்டிலையும் எதிரே வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் இடுக்கியபடி தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஒரு சொட்டு பட்டாப் போதும்டி, நான் காலி."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா, இன்னும் இவனுக்கு ஆட்டம் அடங்கலன்னு சிரிப்பானுங்க."

"ஏந்திரு. மூடியத் தொறந்து வெச்சிட்டு வெளிய போ. மோக்கறதுக்கு நான் இருக்கேன்."

இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசனை விரியும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். விட்டேன். ஒன்றில் கிறிஸ்துமஸுக்கு உன் மாமியார் செய்வாளே, அந்த கேக் வாசனை. ஒன்றில் பழுத்த வாழைப்பழமும் தேனும். இரண்டுக்கும் ஒவ்வொரு கோடு. இன்னும் மூன்றில் புதுப் பலகையும் புல்லும் மிளகும். மோசமில்லை, இரண்டிரண்டு கோடு. கடைசி பாட்டிலைத் திறந்தேன் பார், கொட்டாங்குச்சி எரிந்த புகை, அதோடு ஆஸ்பத்திரி டிஞ்சர்! சரக்கு கெட்டுவிட்டது என்று பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு அலமாரி மூலையில் தள்ளினேன்.

வெள்ளைக்காரப் பெரியவர் வந்தார். ஒரு கோடு போட்டதில் பெரிய பாட்டிலாக வாங்கி மேஜையில் வைத்திருந்தோம். அவர் அலமாரியில் இருந்த குட்டி பாட்டில்களையும் சாக்பீஸ் குறிகளையும் பார்த்து, என்ன இது என்று கேட்டார். மேனேஜர் விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். தோல்காரர் இல்லையா, குறி புரியாதா? நான் கழித்ததைத்தான் முதலில் எடுத்தார். ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு, இந்தப் புகைக்காகத்தான் உயிரோடு இருக்கிறேன் என்றாராம். நான் கழித்தது அவருக்கு முதல் தரம்! புதுசாகக் குடிக்கிறவருக்கு அது ஆகாது, அதைத்தான் உன் மருமகனுக்குச் சொல்கிறேன்.

அத்தோடு விட்டிருந்தால் சரி. பெரிய பாட்டிலிலிருந்து இன்னொரு கிளாஸ் ஊற்றி, அவர் எங்கள் வீட்டுக்காரரிடம் நீட்டினார். மரியாதைக்குத்தான். "வாங்கிக்கப்பா, பெரிய மனுசன் குடுக்கறாரு" என்றார் மேனேஜர். எங்கள் வீட்டுக்காரர் கை எழுந்தது. நான் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிளாஸில் விரல் படும்போது நடுவில் போய் நின்றேன்.

"தரம் பிரிச்சது நானு. எனக்குக் குடுங்க சார்."

வாங்கி ஒரே மடக்கு. தொண்டையிலிருந்து அடிவயிறு வரைக்கும் நெருப்பு. இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணீர். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு மாசத்துக்குக் கம்பெனியில் என் பேர் 'மால்ட் அக்கா'.

ஒன்று சொல்கிறேன் ஸ்டெல்லா, யாரிடமும் சொன்னதில்லை. குடித்த காலத்திலும் சரி, விட்ட பிறகும் சரி, அவர் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நான் அவர் வாயை மோந்து பார்ப்பேன். குடியை விட்ட அந்த மூன்று வருஷத்திலும் ஒரு நாள் விடவில்லை. அவரும் குனிந்து வாயைத் திறப்பார். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தோம். நான் நுழையும்போது அவர் வாசலில் குறுக்கே கையை வைத்தார்.

"ஊதுடி" என்றார்.

ஊதினேன். சிரிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதற்கப்புறம் அவர் வாயை நான் மோந்து பார்க்கவே இல்லை. போன ஆடியில் அவர் போய்ச் சேரும்வரைக்கும் இல்லை.

இரு, கிரைண்டர் சத்தம் மாறுகிறது. மாவு இறுகிவிட்டது, தண்ணீர் தெளிக்கவேண்டும். கொஞ்சம் கையைக் கொடு, இந்த முட்டியை வைத்துக்கொண்டு எழுந்திருப்பதற்குள் விடிந்துவிடும்.