நான் குப்புறப் படுத்த படகு

போன வருஷத்துக்கு முந்தின பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நடந்தது இது.

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை சிதம்பரத்தில், ஒரு பாத்திரக் கடையில் விற்பனையாளன். கடற்கரை ஊர் என்பது அந்த முகத்துவாரத்தை ஒட்டிய என் மனைவியின் ஊர்தான். மீனவர் வீட்டில் பெண் எடுத்தவன் என்ற பெருமையெல்லாம் கரையோடு சரி. கணுக்காலுக்கு மேல் கடல்தண்ணீர் ஏறினால் எனக்குக் குலதெய்வம் ஞாபகம் வந்துவிடும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததால், அவர்கள் கேலி செய்வதற்கு முன் நானே என்னைக் கேலி செய்துகொண்டு தப்பித்துவிடுவேன்.

அதற்கு முந்தின வாடைக் காலத்தில்தான் என் பெரிய மச்சான், மனைவியின் அண்ணன், அந்த முகத்துவாரத்தில் இறந்து போனார். மீன் பிடித்துத் திரும்புகையில் அலை உடையும் இடத்தில் படகு கவிழ்ந்துவிட்டது. கரையிலிருந்து பார்த்தவர்கள் உடனே கிளம்பினார்கள். முதலில் ஓடியது அவருடைய தம்பி, என் சின்ன மச்சான். ஆனால் கையில் கிடைத்த படகில் சின்ன இஞ்சின். எதிர் அலையில் அது நகர்வதற்குள் நேரம் போய்விட்டது. போய்ச் சேர்ந்தபோது கூடப் போன இருவர் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். பெரிய மச்சான் இல்லை.

அதற்குப் பிறகு சின்ன மச்சானுக்கு வேகம் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி, ஆளைக் காப்பாற்றப் போவதற்கென்றே ஊருக்குப் பொதுவாக ஒரு வேகப் படகு வாங்குவது என்று முடிவாயிற்று. பேரம் பேச என்னைக் கூப்பிட்டார்கள். சிரிக்க வைத்தே விலையை இறக்குவேன் என்று எனக்கு ஒரு பேர்.

விற்பவர் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து இரண்டு படகுகளை லாரியில் ஏற்றி வந்திருந்தார். ஒன்று மெலிந்து நீண்டது, அடிப்பக்கம் கிட்டத்தட்டத் தட்டை. மற்றது கனத்த உடம்பு, அடிப்பக்கம் நடுவில் கத்தி மாதிரி ஆழமாக இறங்கியிருந்தது. இஞ்சின் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான். மெலிந்தது பறக்கும் என்றார். சின்ன மச்சான் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஓட்டிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது, மாமாவும் ஏறட்டும் என்றார்கள்; அந்த ஊரில் எல்லோருக்கும் நான் மாமாதான். அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? லைஃப் ஜாக்கெட்டை மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டு ஏறினேன். சின்ன மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தான். விற்பவர், பஞ்சாயத்துப் பெரியவர், நான் மூவரும் பின்பக்கம்.

ஆற்றுக்குள் இருந்தவரை வெண்ணெய் மாதிரி போயிற்று. முகத்துவாரம் நெருங்க, வேகம் கூட, படகின் மூக்கு மேலே எழும்பித் தண்ணீரில் அறைந்தது. மறுபடி எழும்பியது, மறுபடி அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் என் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. முன்பக்கம் கயிறு கட்டும் வளையம் ஒன்று கண்ணில் பட்டது. உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்று எனக்கு எப்படித் தோன்றியதோ, தவழ்ந்து போய் அதைக் கட்டிப் பிடித்துக் குப்புறப் படுத்துவிட்டேன்.

படகு குதிப்பது நின்றது.

கொஞ்சம் மானம் திரும்பியதும் எழுந்து பின்னால் நகரப் பார்த்தேன். மறுபடி அறைந்தது. படுத்தேன், நின்றது. கரை திரும்பும்வரை இப்படியே. என் தொப்பைக்கும் அந்தப் படகுக்கும் நடுவில் ஏதோ ஒப்பந்தம் இருந்தது. எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. ஏனென்றால் அதே சமயத்தில் விற்பவர், படகின் மூக்கு இறங்கட்டும் என்று இஞ்சினின் சாய்வைக் குறைக்கச் சொல்லியிருந்தார், சின்ன மச்சானும் குறைத்திருந்தான். அதனால்தான் சரியாயிற்று என்று இருவரும் நம்பினார்கள்.

கரையில் இறங்கியதும் மாமா ஏன் படுத்துக்கொண்டு வந்தார் என்று யாரோ கேட்டார்கள். பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது.

"மெத்தை மாதிரி இருந்துச்சு. காத்து வாங்கினு வந்தேன்."

கூட்டம் சிரித்தது. பெரியவர் சிரித்துவிட்டு, கடலைக் கண்டாலே நடுங்குகிற மனுஷன் படுத்துக்கொண்டு வருகிறார் என்றால் இதற்கு மேல் என்ன வேண்டும், இதையே முடித்துவிடலாம் என்றார். யாரோ பூஜை போட எலுமிச்சம்பழம் வாங்கிவர ஆள் அனுப்பினார்கள்.

எனக்கு என் கடை ஞாபகம் வந்தது. குடம் வாங்க வருகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்கள், தூக்கிப் பார்ப்பார்கள். தண்ணீர் நிரப்பி யாரும் பார்த்ததில்லை. இந்தப் படகு வெறுமனே ஓடப் போவதில்லை. தண்ணீரில் கிடக்கிறவர்களை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதே அலையில் திரும்ப வேண்டும். அன்றைக்கெல்லாம் முன்னால் படுக்க நான் மஞ்சக்குப்பத்திலிருந்தா வர முடியும்?

சின்ன மச்சானைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மச்சான், நான் காத்து வாங்கல. பயத்துல படுத்தேன். முன்னால நான் படுத்தா என் கனத்துல நிக்குது, எழுந்து பின்னால வந்தா குதிக்குது."

அவன் சிரிக்கவில்லை.

"பயம் உனக்கு மாமா. படகு மேல ஏன் பழி போடுற? அன்னிக்கு இது இருந்திருந்தா அண்ணன் இருந்திருப்பாரு."

அவன் சொன்னது பொய் இல்லை. இன்னொரு வாட்டி போகலாம், இந்தத் தடவை தண்ணீரிலிருந்து தூக்கிப் போட்ட ஆளாக நான் பின்னால் படுத்துக்கொள்கிறேன் என்றேன். சொன்னது வாய். காலுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத்தான் ஏற்றினார்கள்.

பின்பக்கம் ஆளை இழுத்துப் போட இருக்கும் இடத்தில் மல்லாந்து படுத்தேன். வானம் மட்டும் தெரிந்தது. முகத்துவாரத்தில் படகு குதிக்க ஆரம்பித்தது. விற்பவர் இஞ்சின் சாய்வை மாற்றச் சொன்னார், நேர்மையாகத்தான் முயன்றார். கொஞ்சம் அடங்கும், அடுத்த அலையில் மறுபடி தொடங்கும். கரைப்பக்கம் திரும்பும்போது மூக்கு அந்தரத்தில் எழும்பி, படகு ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது. நான் கத்தினேன். கௌரவமாகக் கத்தினேன் என்று சொல்ல ஆசைதான். அம்மா என்றுதான் கத்தினேன்.

சின்ன மச்சான் வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்தான். படகு அடங்கியதும் திரும்பிப் பார்த்தான். காலடியில் நனைந்து கிடந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன இங்கதான் படுக்க வச்சிருப்போம்" என்றான்.

கரை வரை மெதுவாகவே ஓட்டி வந்தான்.

பிறகு கனத்த படகையும் அதே மாதிரி, அதே ஆட்களோடு, என்னை அதே இடத்தில் கிடத்தி ஓட்டிப் பார்த்தோம். வேகம் கொஞ்சம் குறைச்சல்தான். ஆடவில்லை என்று சொல்ல மாட்டேன், காலையில் தின்ற இட்லியைக் கடலுக்கே கொடுத்துவிட்டேன். ஆனால் அது குதிக்கவில்லை. அலையைக் கிழித்துக்கொண்டு, விட்ட கோட்டிலேயே திரும்பி வந்தது. எலுமிச்சம்பழம் அந்தப் படகுக்குத்தான் வைக்கப்பட்டது. பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. பெரியவரே பேசி முடித்தார்.

போன கார்த்திகையில் ஒரு மழை நாள், கடையில் இருந்தபோது சின்ன மச்சான் போன் செய்தான். முகத்துவாரத்தில் ஒரு படகு கவிழ்ந்ததாம், மூன்று பேரையும் ஏற்றி வந்துவிட்டார்களாம். ஒருவர் ரொம்பத் தண்ணீர் குடித்து, பின்பக்கம்தான் கிடந்தாராம், இப்போது பேசுகிறாராம்.

"குதிக்கல மாமா" என்றான். போனை வைத்துவிட்டான்.

எனக்கு இன்னும் கடலைக் கண்டால் கால் நடுங்குகிறது, அதைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைக்கவும் செய்கிறேன். ஆனால் பயத்தை மறைக்க ஒரு வேடிக்கைப் பேச்சு நாக்கின் நுனிக்கு வரும்போதெல்லாம், இதை நம்பி யார் படகில் ஏறப் போகிறார்களோ என்று ஒரு நொடி வாயை மூடிக்கொள்கிறேன்.