இடப்பக்கம் மூன்றாவது பலகை

என் வீட்டுக்காரர் படகு கட்டுவார் என்று யாரிடமாவது சொன்னால், உடனே இரண்டு கையையும் ஒரு முழத்துக்கு விரித்து, "இவ்ளோ பெரிசா?" என்று கேட்பார்கள். ஷோகேஸில் வைக்கிற படகு என்று நினைப்பு. "இல்லீங்க, அதுல நாம ஏறி உட்காரலாம்" என்பேன். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், பாவம் இவளுக்கு வாய்த்தது இப்படியா என்று.

வாய்த்தது இப்படித்தான். பிழைப்புக்கு அவர் லிஃப்ட் மெக்கானிக். திங்கள் முதல் வெள்ளி வரை மாடிக் கட்டடங்களில் ஏறி இறங்குவார். சனி, ஞாயிறு வந்தால் ஆற்றோரம் மூடிக் கிடக்கிற ஐஸ் ஃபேக்டரியின் பின்பக்கக் கொட்டகைதான் வீடு. முதலில் கட்டிய படகு இறக்கிய அன்றே மூழ்கியது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "சாயாம நேரா மூழ்குச்சு, கவனிச்சியா?" என்று என்னைக் கேட்ட மனுஷர் அவர். இரண்டாவது மிதந்தது.

பல் டாக்டர் ஒருத்தர் இவருக்குச் சிநேகிதமானது ஒரு கடைவாய்ப் பல்லால். வாயைத் திறக்க வைத்துக் கருவியை உள்ளே விட்டுக்கொண்டே, இவர் நகத்தில் காய்ந்திருந்த பசையைப் பார்த்துவிட்டு, "படகு வேலை பண்றீங்களா? எத்தனை அடி?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அவருக்கும் அதே கிறுக்கு. பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி எட்டு வருஷமாக ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். இவர் திறந்த வாயோடு பத்து விரலைக் காட்டி, பிறகு இரண்டைக் காட்டினாராம். அடுத்த சனிக்கிழமையிலிருந்து கொட்டகையில் இரண்டு பேர். இனம் இனத்தோடு சேர்ந்துவிட்டது என்று நானும் டாக்டரின் மனைவியும் தலையில் அடித்துக்கொண்டோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் அவர், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கியது பதினெட்டு அடிப் படகு. இரண்டாவது வருஷத்தில் டாக்டர் நோயில் விழுந்தார். மாதக்கணக்கில் சிகிச்சை. தெம்பு இருக்கிற சனிக்கிழமைகளில் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து யோசனை சொல்வார். அந்தப் படகில் சீவுவதிலிருந்து ஒட்டுவது வரை அவர் தனியாகத் தன் கையால் செய்தது ஒரே ஒரு பலகைதான். இடப்பக்கம், அடியிலிருந்து மூன்றாவது. அவ்வளவு நீளத்துக்கு ஒரே மரம் கிடைக்காது. இரண்டு பலகைகளின் முனையைச் சாய்வாகச் சீவி, பசை தடவி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, கிளாம்ப் என்கிற இரும்பு இடுக்கியைப் போட்டு இறுக்கி ஒன்றாக்க வேண்டும். அதை முடித்த ஐந்தாவது மாதம் டாக்டர் இறந்துபோனார்.

மிச்சத்தை இவர் ஒற்றை ஆளாக முடித்தார். பெயின்ட்டும் அடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீரில் இறக்குவது, முதல் சுற்றுக்கு அக்காவைக் கூட்டிப் போவது என்று பேச்சு.

அதற்கு முந்தின வியாழக்கிழமை, ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று கொட்டகைக்குப் போனவர், திரும்பி வந்து தட்டின் முன்னால் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படி இருக்கு?"

ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது பலகையின் ஒட்டில் பெயின்ட் மயிரிழை அளவு விரிந்திருக்கிறது. கத்தி முனையை வைத்தால் உள்ளே போகிறது.

"டாக்டர் கிளாம்ப்ப ரொம்ப இறுக்கிட்டார். அப்படி இறுக்கினா பசையெல்லாம் வெளிய பிதுங்கிடும். உள்ள மரமும் மரமும் சும்மா தொட்டுக்கிட்டு நிக்கும். வெளியிலேர்ந்து பாத்தா அவ்ளோ அழகா இருக்கும்."

"அப்போ வெட்டிட்டு வேற போடுங்க."

"அவர் தனியா செஞ்சது அது ஒண்ணுதான். அக்கா வரும்போதெல்லாம் அதத்தான் தடவிப் பாக்குறாங்க. எப்படி வெட்டச் சொல்ற? உள்பக்கமா ஒரு பட்டைய வச்சு ஸ்க்ரூ அடிச்சா ஒரு சுத்துக்குத் தாங்கும். போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "ஒரு சுத்துக்குத் தாங்கும்னு சொல்லி லிஃப்ட்ல ஆள் ஏத்துவீங்களா நீங்க?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அதைச் சொல்லாமலும் என்னால் இருந்திருக்க முடியாது.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் அக்கா வீட்டுக்குப் போனோம். முன்னறைதான் டாக்டரின் கிளினிக்காக இருந்தது. பல் வலியோடு வருகிறவர்கள் உட்காருகிற நீளப் பெஞ்சு இன்னும் அங்கேயே இருந்தது. அதில் எங்களை உட்கார வைத்தார் அக்கா. அக்கா பள்ளிக்கூட டீச்சர். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். இவர் கையைப் பிசைந்து பிசைந்து விஷயத்தைச் சொல்லி முடித்தார். அக்கா பேனாவை மூடி வைத்தார்.

"தெரியும் தம்பி."

எங்களுக்குப் புரியவில்லை.

"சிகிச்சைக்கு மருந்து ஏத்த ஆரம்பிச்சதுலேர்ந்து அவருக்கு விரல்ல உணர்ச்சியே இல்ல. சட்டைப் பட்டன்கூட நான்தான் போட்டுவிடுவேன். எவ்ளோ இறுக்கினோம்னு அவருக்கே தெரியல. கடைசி வாரம் ஆஸ்பத்திரில என்கிட்ட சொன்னார், 'அந்தப் பலகைய எடுத்துடச் சொல்லு'ன்னு. நான் சொல்லல. சொன்னா நீங்க வெட்டிடுவீங்க. வெட்டித்தானே ஆகணும்?"

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். "என்னக்கா இது! இவர் அதுல ஏற இருந்தாரே!"

"நானும்தான்மா ஏற இருந்தேன்" என்றார் அக்கா. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

நான் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆனால் கோபம் இருந்தது. பொய் சொல்வானேன், இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

இவர் என் கோபத்தைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தரையைப் பார்த்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என்கிட்ட ஏன் அவரே சொல்லலக்கா?"

அக்கா பரீட்சைத் தாள்களை அடுக்கி வைத்தார். "நாளைக்கு வெட்டும்போது நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இவர் ரம்பத்தை எடுத்தார். ஒட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. நடுத்துண்டு கையோடு வந்தது. இரண்டு கையாலும் லேசாகத்தான் பிரித்தார். சத்தமே இல்லாமல் இரண்டாகிவிட்டது. உள்ளே மரம் அன்றைக்குச் சீவினது போல் இருந்தது. பசை பட்ட அடையாளமே இல்லை. படகின் உள்பக்கம் பார்த்த முகத்தில் கிளாம்பின் வாய் பதிந்து நாலு பள்ளம், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் புதைகிற ஆழம்.

அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டே இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது அன்னிக்கே என் கண்ணுல பட்டுது அக்கா. பாத்துட்டு நான் சிரிச்சேன். 'என்ன டாக்டர், பல்லப் புடுங்குற ஞாபகத்துல இறுக்கிட்டீங்களா'ன்னேன். அவரும் சிரிச்சார். ஏன் இப்படி ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணல எனக்கு. நான் அப்படிக் கிண்டல் பண்ணதாலதான் அவர் சொல்லாமலே போயிட்டார்."

அக்கா பக்கத்தில் போய் மரத்தூளிலேயே உட்கார்ந்தார். பிரிந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து அதை என்கிட்ட ரெண்டு தடவை சொல்லிச் சிரிச்சார் தம்பி. அப்போ வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் அவர்கிட்ட மெல்லமா பேசுவாங்க, தெரியுமா? நான்கூட அப்படித்தான் பேசினேன். நீங்க ஒருத்தர்தான் அவரை எப்பவும்போல கிண்டல் பண்ணீங்க. விரல் விஷயத்தச் சொன்னா நீங்களும் மெல்லமா பேச ஆரம்பிச்சிடுவீங்கன்னு பயந்துட்டார். அதான் சொல்லல."

பதினாறு வருஷமாக என்னோடு வாழ்கிற மனுஷர், அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டு அழுது பார்த்தேன்.