கன்ஸ்ட்ரக்டர் மாப்பிள்ளை

என் கணவர் நாற்பத்தேழு வயதில் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. அதற்காக என்னை நானே இன்றும் பாராட்டிக்கொள்வதுண்டு.

அதுவரை அவர் ஓர் ஓட்டலில் விருந்துகளைக் கவனிக்கும் மேலாளர். கல்யாணம், கம்பெனி டின்னர், அறுபதாம் கல்யாணம் எல்லாம் அவர் கையசைவில் நடக்கும். ஓட்டல் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் விருந்துக்கூடத்தை உடற்பயிற்சிக்கூடமாக மாற்றினார்கள். டிரெட்மில்லுக்கு மேலாளர் தேவைப்படவில்லை. வேலை மாறுகிறவர்களுக்கான பயிற்சி ஒன்றில் சேர்ந்துவிட்டு வந்து, "நீதான் இருக்கியே, எனக்கென்ன கவலை?" என்றார். நான் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் இருபது வருடமாக நிரல் எழுதிக்கொண்டிருப்பவள். கவலை எனக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

முதல் சில வாரங்கள் அமைதியாகப் போயின. பிறகு பாடத்தில் 'கிளாஸ்' வந்தது, அதன் பின்னாலேயே 'கன்ஸ்ட்ரக்டர்' வந்தது. தெம்பனிஸில் எங்கள் வீட்டு நிம்மதி அன்றோடு போனது.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும், என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைப்பது கிளாஸ். அதைப் பார்த்துக் கணினி உண்மையாகவே ஒரு பொருளை உருவாக்கும்போது, முதல் வேலையாக ஓடி அதற்குத் தேவையானதையெல்லாம் எடுத்து வைக்கும் பகுதி கன்ஸ்ட்ரக்டர். இருபது வருடத்தில் இதற்கு மேல் நான் யோசித்ததில்லை. யோசிக்கும்படி என்னை யாரும் கேட்டதுமில்லை.

இவர் கேட்டார். எம்ஆர்டி ரயிலில், கூட்டத்துக்கு நடுவே, கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"புரோகிராம்ல மத்த ஃபங்ஷனுக்கெல்லாம் நாம இஷ்டப்பட்ட பேரு வைக்கலாம். இதுக்கு மட்டும் ஏன் கிளாஸோட பேரையே வைக்கணும்?"

"அது அப்படித்தாங்க."

"'அது அப்படித்தான்'னு நான் ஒரு கஸ்டமர்கிட்ட சொல்லியிருந்தா என் வேலை எப்பவோ போயிருக்கும்."

"அப்பதான் கம்ப்யூட்டருக்கு இதுதான் கன்ஸ்ட்ரக்டர்னு தெரியும். போதுமா?"

"சரி. மத்ததெல்லாம் முடிஞ்சதும் ஏதாவது திருப்பிக் குடுக்குது. இது எதையுமே குடுக்கலையே?"

"அதான் புதுசா ஒரு பொருளே கிடைக்குதே. அப்புறம் என்ன வேணும்?"

எதிரே உட்கார்ந்திருந்த பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள். அவளும் நிரல் எழுதுகிறவளாக இருக்க வேண்டும். நான் சொன்னதற்குத் தலையாட்டினாள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அடுத்த கேள்வி சாப்பாட்டு மேசையில் வந்தது. நாம் கன்ஸ்ட்ரக்டர் எழுதாவிட்டால் கணினியே சாதாரணமாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும். நாமே ஒன்று எழுதிவிட்டால் அதைப் போடாது. நிரல் எழுதப் பழகுகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதில் மாட்டிக்கொள்வார்கள். இவரும் மாட்டிக்கொண்டு, நேற்றுவரை ஓடிய நிரல் இன்று சிவப்பு சிவப்பாகத் திட்டுகிறது என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நான் ஒண்ணு எழுதினது தப்பா? கம்ப்யூட்டர் தந்துக்கிட்டிருந்தது எங்க போச்சு? கோவிச்சுக்கிச்சா?"

"நீங்களே பாத்துக்குவீங்கன்னு ஒதுங்கிக்கிச்சு."

இவர் முகம் மலர்ந்தது. "உங்க அம்மா மாதிரி! நாம சமைக்கலன்னா அவங்களே சமைச்சிடுவாங்க. நான் ஒரு ரசம் வச்சாப் போதும், அன்னைக்கு முழுக்க கிச்சன் பக்கமே வரமாட்டாங்க."

எங்களோடு இருக்கும் அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "மாப்பிள்ளை என்னைப் பத்தியா பேசுறாரு?"

"இல்லம்மா. கன்ஸ்ட்ரக்டர் பத்தி."

அம்மா தலையை ஆட்டிவிட்டு மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். எதற்காக அப்படித் திருப்தியாகத் தலையாட்டினார் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது.

அம்மா வெள்ளிக்கிழமைதோறும் லிட்டில் இந்தியா போவார். தேக்கா சந்தையில் காய்கறி, சிராங்கூன் சாலையில் கோயில், கோயிலில் தோழிகள். அந்தத் தோழிகளில் ஒருவர் சனிக்கிழமை காலையில் என் கணவருக்கு ஃபோன் செய்தார்.

"தம்பி, நீங்க கான்ட்ராக்டராமே? அம்மா சொன்னாங்க. என் வீட்டு டாய்லெட்ட வந்து கொஞ்சம் பாருங்களேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ராத்திரி பகலா கான்ட்ராக்டர், கான்ட்ராக்டர்னுதானே ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தீங்க? நல்ல வேலைதானே, நாலு பேருகிட்ட சொன்னேன்."

"நாலு பேருகிட்டயா?"

"வேற யாரும் இன்னும் கூப்பிடலையா?"

தவறு நேர்ந்துவிட்டது என்று ஃபோனிலேயே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் விருந்து மேலாளராக இருந்தவருக்கு வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்று சொல்லும் பழக்கமே கிடையாது. நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று கிளம்பினார். அவர் தனியாகப் போனால் டைல்ஸுக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்ற பயத்தில் நானும் கூடப் போனேன்.

அந்த அம்மாள் தேக்காவுக்குப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் தனியாக இருந்தார். இவர் வாசலிலேயே, "ஆண்ட்டி, நான் கான்ட்ராக்டர் இல்ல, கம்ப்யூட்டர் படிக்கிறேன்" என்றார்.

"பரவால்ல தம்பி, வந்ததுக்கு சும்மா பாத்துட்டுப் போங்க."

பார்த்தோம். புது டைல்ஸ் பளபளத்தது. குழாய்கள் சுவரில் அழகாக நின்றன. திறந்தால் தண்ணீர் வரவில்லை. வேலை செய்தவன் மீதியை அப்புறம் வந்து முடிக்கிறேன் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவன்தானாம். இப்போது ஃபோனை எடுப்பதில்லை. சமையலறையிலிருந்து வாளியில் தண்ணீர் தூக்கிக் குளிக்கிறார் அந்த அம்மாள்.

என் கணவரின் முகம் மாறியது. மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். உட்கார்ந்து குளிப்பீர்களா, நின்றா? முழங்கால் வலி உண்டா? பிடித்துக்கொள்ளக் கம்பி எங்கே வேண்டும், எந்தக் கைக்கு வாகாக? சுடுதண்ணீருக்கு சுவிட்ச் எட்டுகிறதா?

அந்த அம்மாள் சந்தோஷமாகப் பதில் சொன்னார். "முன்னாடி வந்தவன் என்ன கலர்னு மட்டும்தான் கேட்டான் லா."

ஓட்டலில் குழாய் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை இவர் அங்கிருந்தே அழைத்தார். அவர் மறுநாள் வந்து முடித்துக் கொடுத்ததாகப் பிறகு தெரிந்தது. நாங்கள் கீழே இறங்கி ஒரு கடையில் தேத்தாரே, நுரை பொங்க ஆற்றிய பால் டீ, குடித்தோம். இவர் பாதி டீ ஆறிய பிறகு சொன்னார்:

"தண்ணி வராத குளியலறையோட சாவியக் குடுக்கக்கூடாது. வேண்டியத முதல்லயே கேக்கணும். கிடைக்கலன்னா பொருளையே வெளிய விடக்கூடாது. அதுக்குத்தானே கன்ஸ்ட்ரக்டர்?"

"அதுக்குத்தான்."

"இத நீ முதல் நாளே சொல்லியிருக்கலாம்."

முதல் நாளே சொல்லியிருந்தேன். கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில். டீயைக் குடித்தேன்.

குழாய் வேலை முடிந்த செய்தி வந்ததும் அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடைசியில அந்த வேலைய முடிச்சுக் குடுத்தாருல்ல? அப்ப கான்ட்ராக்டர்தானே?" என்றார்.

பயிற்சியின் முடிவில் இவர் ஒரு விருந்துக்கூட முன்பதிவு நிரலைச் செய்து காட்டினார். விருந்தாளிகள் எத்தனை பேர் என்று சொல்லாவிட்டால் அது பதிவையே உருவாக்காது. பயிற்சியாளர் எத்தனையோ விதமாக ஏமாற்றிப் பார்த்தும் மசியவில்லை. நல்ல மதிப்பெண். அந்தச் சந்தோஷம் வேலை தேடத் தொடங்கும்வரை இருந்தது.

நேர்முகங்களுக்குப் போய்விட்டு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்களாம். அந்த மரியாதைதான் அவரை வருத்தியது. "அங்கிள்னு மட்டும்தான் கூப்பிடல" என்றார் ஒரு நாள். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனாலும் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு சிறிய கம்பெனி கூப்பிட்டது. உணவகங்களில் மேசையிலிருந்தபடியே ஃபோனில் ஆர்டர் கொடுக்கும் செயலியைச் செய்கிறவர்கள். இவர் நேர்முகத்துக்கு முந்தின நாளே, அந்தச் செயலி இருக்கும் லிட்டில் இந்தியா உணவகம் ஒன்றுக்கு என்னை அழைத்துப் போய், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஃபோனையே நோண்டிக்கொண்டிருந்தார். நேர்முகத்தில் வழக்கம்போல, கன்ஸ்ட்ரக்டர் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பதிலைச் சொல்லிவிட்டு இவர் ஒன்று கேட்டாராம்: "உங்க ஆப்ல டேபிள் நம்பர் இல்லாமலேயே ஆர்டர் போகுதே. அந்தத் தோசைய எடுத்துக்கிட்டு பாவம், வெயிட்டர் எங்க போவாரு?"

எதிரே இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் லேப்டாப்பைத் திறந்து அங்கேயே முயன்று பார்த்தார். தோசை போனது.

வேலை கிடைத்தது. ஆனால் நிரல் எழுதும் வேலை இல்லை. மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்க்கும் வேலை. செய்தியைச் சொன்னபோது குரலில் ஒரு சின்ன இறக்கம். "எழுதணும்னுதானே படிச்சேன்?"

"உங்களுக்குக் கேள்வி கேக்கத்தான் பிடிக்கும். இப்ப அதுக்குச் சம்பளமும் வருது. இதுவரைக்கும் நான் இலவசமா பதில் சொல்லிக்கிட்டிருந்தேன்."

சிரித்தார். முழுச் சிரிப்பு இல்லை. இரவில் இன்னமும் அவ்வப்போது தனக்காகக் கொஞ்சம் எழுதிப் பார்க்கிறார். நான் எட்டிப் பார்ப்பதில்லை.

சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு நாள் மலர்ந்த முகத்தோடு வந்தார். மறுநாள் வெளிவர வேண்டிய புதுப் பதிப்பில் ஓட்டை கண்டுபிடித்து நிறுத்தி வைத்துவிட்டாராம். எழுதியவர்கள் வாதாடிப் பார்த்தார்களாம், இவர் அசையவில்லையாம்.

"மதியத்துலேர்ந்து ஆபீஸ்ல ரெண்டு பேரு என்கூட பேசல!" என்றார் பெருமையாக. கை கழுவிவிட்டு வந்து, அம்மாவிடம் இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.