துறைமுகத்தில் நின்ற சீருடை

எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்குக்கு அகதியாக வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பிரெடெரிசியாத் துறைமுகப் பக்கமாக அகதி முகாமில் என்னோடு இருந்த ரவி அண்ணையும் நானும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். வளைவில் திரும்பியதும் துப்பாக்கிகளோடு இராணுவம் நின்றது. யாழ்ப்பாணத்தில் சென்றி என்ற காவலரணில் ஆமியைக் கண்டால் செய்வதையே செய்தேன். இறங்கி, சைக்கிளை உருட்டினேன். அதிகாரி ஒருவர் என்னை நோக்கி வந்தார். சைக்கிளை விழவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.

"டேய், கையை இறக்கு! படம் எடுக்கிறாங்களடா!" என்று ரவி அண்ணை கத்தினார்.

வந்தவர் பிரெஞ்சு நடிகர். தொப்பியைக் கழற்றிவிட்டு மெல்லக் கதைத்தார். முன்பு பாரிசில் இருந்த ரவி அண்ணை மொழிபெயர்த்தார்.

"ஆள் எத்தினையோ படத்தில ஆமிக்காரனா நடிச்சிட்டாராம். தன்னைப் பாத்து உண்மையாப் பயந்த முகத்தை இண்டைக்குத்தான் கண்டவராம். மன்னிக்கச் சொல்லுறார்."

அவரே என் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்து, ஏறச்சொல்லிச் சைகை காட்டினார்.

அவர் நடிகர், துப்பாக்கி பொய் என்பதெல்லாம் எனக்கு விளங்கியது. கால்களுக்குத்தான் விளங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு, அந்தச் சீருடை கண்ணுக்கு மறையும்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே போனேன்.