வயிற்றுத் தோல் எண்ணிய விரல்கள்

1934, தை மாதம் பத்தாம் தேதி, காலை ஏழரை மணி, கடும் பனி. காரைக்குடி மாட்டுச் சந்தையில் ஒரு பசுவை வாங்க விலை பேசியபோது, தரகர் தம் துண்டால் மூடி என் வலக்கை விரல்களைப் பிடித்தார். ஒரு விரல் என்றால் பத்து ரூபாய். மூன்று விரல் பிடித்ததாகப் பட்டது, தலையாட்டினேன்.

"நாப்பது. முடிஞ்சது" என்றார் தரகர்.

"முப்பதுதானேய்யா!"

"நாலு விரலச் சேத்துல்ல புடிச்சேன். சுண்டு விரல வீட்டுல விட்டுட்டு வந்துட்டீகளா?"

அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் நிலைக்கண்ணாடி உடைந்து என் கையைக் கிழித்தது. அறுந்த தசைநாரை மதுரையில் தைத்தார்கள். மேலே தோல் அழுகிப்போனது. கையை மூன்று வாரம் வயிற்றோடு சேர்த்துத் தைத்து, உள்ளங்கை முதல் சுண்டு விரல் வரை வயிற்றுத் தோலை ஒட்டவைத்தார் டாக்டர். விரல் நன்றாக மடங்கவே, அதற்கு உணர்ச்சி திரும்பவில்லை என்பதை மறந்துவிட்டேன்.

"அது வயித்துத் தோலய்யா" என்றேன்.

"வயித்துக்கு என்னைக்கிய்யா கணக்குத் தெரிஞ்சிருக்கு?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

விரலில் ஒத்துக்கொண்டதை வாயால் மாற்றுவது சந்தையில் வழக்கமில்லை. நாற்பதையும் கொடுத்தேன்.

கை பிழைத்ததே பெரிது என்கிறார்கள் வீட்டில். நாற்பது வருஷம் இந்தக் கையால் விலை பேசியவன், இனி இடக்கையை யாரிடம் நீட்டுவேன்? ஆஸ்பத்திரிக்கு நூற்றெண்பது, சந்தையில் பத்து. ஆகமொத்தம் நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.