மகள் தந்த ஸ்பெயின் பயணம்

மனோரஞ்சிதத்தின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் சாரங்கி ஸ்பெயின் பயணம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தபோது, டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊர்த் தமிழ்ச் சனம் முழுக்கக் கேட்கும்படி அவள் பெருமையடித்தாள். அடிக்கட்டுமே! இருபத்தாறு வருடம் தொழிற்சாலையில் நின்ற நிலையில் பெட்டி அடுக்கிய கால்கள் அவை. கணவன் பாக்கியராசா செத்துப்போய் ஒன்பது வருடம். ஒரே பிள்ளையும் வைலே நகரில் நர்ஸ் வேலை, தனி வீடு என்று போய்விட்டாள். மிஞ்சியது கூடப் பெட்டி அடுக்கிய மூன்று சிநேகிதிகள்தான்: கிளோறியா, சுஜாந்தினி, விஜிதா.

நால்வரும் போவதாகத்தான் ஏற்பாடு. கடைசி நேரத்தில் விஜிதாவுக்கு நாரி பிடித்து, இடுப்பை நிமிர்த்த முடியாமல் போனது.

"நீங்கள் போட்டு வாங்கோ அக்கா, நான் ஒத்தடம் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறன்" என்றாள். பாவம் என்று மனோரஞ்சிதம் அவளுக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். பாருங்கள், குழம்பு வேறு!

விமான நிலையத்தில் சாரங்கி கட்டிப்பிடித்தவள் விடவேயில்லை.

"மூண்டு நாள்தானே, விசரி" என்று தாய் சிரித்தாள். அவளுக்கு மனம் நிறைந்திருந்தது. கூட வேலை செய்யும் டெனிஷ் பெடியனைக் கட்டப்போகிறேன் என்று போன வருடம் ஒற்றைக்காலில் நின்ற மகள், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன மாதம், "அம்மா, உங்கட கூறைச்சேலை மடிப்பில கிழியப்போகுது, தாங்கோ, கழுவக் குடுக்கிறன்" என்று தானே கேட்டு வாங்கிப் போனாள். பிள்ளை வழிக்கு வந்துவிட்டது என்று மனோரஞ்சிதம் சாமிப்படத்துக்கு விளக்கேற்றினாள்.

மலாகாவில் தங்கி, வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து நேர்ஹா என்ற கடலோர ஊருக்குப் போனார்கள். வெள்ளை வீடுகள், பொரித்த மீன் மணம், அவசரமில்லாத வெயில். கடற்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். சிநேகிதிகள் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். நிழலில் இருத்தினார்கள், கால் நோகுதோ என்று கேட்டார்கள். கிளோறியா மட்டும் நிமிடத்துக்கொரு தடவை போனைப் பார்த்தாள்.

"அதை வையடி" என்று சுஜாந்தினி போனைப் பறித்து மனோரஞ்சிதத்திடம் நீட்டினாள். "அக்கா, எங்களை ஒருக்காப் படம் எடுங்கோ."

அவள் எடுக்கப்போனபோதுதான் விஜிதாவின் செய்தி வந்து விழுந்தது. 'கலியாணம் முடிஞ்சுது. அவ அங்க எப்பிடி?' கீழே ஒரு படம். நகரசபை வாசலில் அந்தப் பெடியனும் சாரங்கியும். சாரங்கியின் உடம்பில் தாயின் கூறைச்சேலை. பக்கத்தில், தாய் நிற்கவேண்டிய இடத்தில், விஜிதா. நாரி நிமிர்ந்துதான் நின்றது.

"உங்களுக்கு எத்தினை நாளாத் தெரியும்?"

கிளோறியாதான் வாய் திறந்தாள். "நாலு மாசமாய் அக்கா. அவனைக் கட்டினால் கலியாண வாசல்லயே நஞ்சு குடிப்பன் எண்டு நீங்கள்தானே சொன்னியள். பிள்ளை பயந்திட்டுது. கலியாணத்தண்டைக்கு அம்மாவைத் தனிய விடாதேங்கோ எண்டு எங்களிட்ட அழுதது."

"அது வாய்ச்சொல்லடி! எங்கட சனத்தில எந்தத் தாய் அப்பிடிச் சொல்லேல்லை? நீ சொல்லேல்லையோ உன்ர மகனுக்கு?"

"சொன்னனான்தான். ஆனால் அதுகள் இஞ்ச பிறந்ததுகள் அக்கா. இஞ்ச ஒருத்தரும் சாவன் எண்டு சும்மா சொல்லுறேல்லை."

சொல்லியிருந்தால் மனோரஞ்சிதம் கலியாணத்துக்குப் போயிருப்பாள். திட்டியிருப்பாள், மூக்கைச் சிந்தியிருப்பாள், சபை நடுவில் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். ஆனால் போயிருப்பாள். விடியவே எழும்பி மகளுக்கு உடுத்தியும் விட்டிருப்பாள். ஒருத்தராவது அவளைக் கேட்டார்களா?

படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

"விஜிதாவுக்கு எண்டைக்குச் சேலை உடுத்திவிடத் தெரிஞ்சது? கொய்யக மடிப்பு மற்றப் பக்கம் பாத்துக் கிடக்கு. சபைக்கு முன்னால பிள்ளை இப்பிடியே நிக்கிறது? சரியாய் மடிச்சுக் குத்திவிடச் சொல்லி எழுதடி. கெதியா எழுது."

கிளோறியா போனை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"எல்லாம் முடிஞ்சுது அக்கா" என்றாள். "அவள் சேலை மாத்தியிருப்பாள்."