ஒரு சாண் திறந்த கதவு

எங்கள் பிரிவில் பத்தொன்பது வருடம் ஆய்வாளராக இருந்தவரைப் போன மாதம் இடைநீக்கம் செய்தார்கள். அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தில் ஆளாளுக்கு ஒரு கதை. கீழ்த்தளத்து வரிப் பிரிவில் அவர் கை நீட்டி மாட்டிக்கொண்டார் என்கிறார்கள். இரண்டாம் மாடியில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். நாக்கில் நரம்பில்லாத ஜனங்கள். அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து அவருடைய படிவங்களை எல்லாம் அடுக்கி வைத்த எழுத்தர் நான். அன்றைக்கு அவர் கூடப் போனவளும் நான்தான். ஒன்றும் தெரியாதவர்கள் பேசும்போது தெரிந்தவள் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? அவரை ஏன் இடைநீக்கம் செய்தார்கள் என்றால், அவராகவே போய் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். என்ன எழுதிக் கொடுத்தார் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

எங்களுடையது வீட்டு நீச்சல்குளங்களுக்கு அனுமதி தரும் பிரிவு. மூன்றாம் மாடியில் ஒரே அறை, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. சொந்த வீடு, சொந்தத் தண்ணீர், இதில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டுக்கொண்டேதான் எல்லோரும் படியேறி வருவார்கள். எங்களுக்கு முப்பத்தொரு விதிகள். குளத்தைச் சுற்றி வேலி வேண்டும், வேலிக் கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் தலை நுழையக் கூடாது, வேலியோரம் ஏறி நிற்கத் தோதாக ஒரு பூந்தொட்டிகூட இருக்கக் கூடாது. தண்ணீரில் போட்ட காசு கரையில் நின்றால் தெரிய வேண்டும். ஒருத்தர் குளத்தில் நாலு மீனை விட்டுவிட்டு அது மீன்தொட்டி என்று மனுப் போட்டார். இன்னொருத்தர் வேலிக்குப் பதிலாக நாயைக் கட்டி வைத்திருந்தார்.

"நாய் குழந்தைங்கள உள்ள விடாது சார்."

"நாய் தூங்கிட்டா?"

"அது தூங்கவே தூங்காது."

நாய் அப்போது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது என்று வந்து சொல்லி, ஆய்வாளர் அன்று முழுவதும் சிரித்தார். அவருக்கு 'டேப்' என்று பெயர் வைத்தது நான்தான். இடுப்பில் அளவுநாடா இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. மகள் சின்னவளாக இருந்தபோது அவளுடைய பந்து ஒன்றை ஆய்வுக்கு எடுத்துப் போவார். கம்பி இடைவெளியில் பந்து நுழைந்தால் வேலி தள்ளுபடி. பந்து திரும்பி வருகிறவரைக்கும் மகள் வீட்டில் ஒரே ரகளை. கறாரான மனிதர். ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார். அவரைப் பற்றித்தான் கை நீட்டினார் என்று பேசுகிறார்கள்.

இனி, கதவு. குளத்து வேலியின் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், கையை எடுத்ததும் தானே வந்து தாழ்ப்பாளில் விழ வேண்டும். முழுக்கத் திறந்து விட்டாலும், பாதி திறந்து விட்டாலும், ஒரு சாண் மட்டும் திறந்து விட்டாலும். படிவத்தில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. முழுக்கத் திறந்து விட்டால் எந்தச் சொத்தைக் கதவும் வந்த வேகத்திலேயே படாரென்று பூட்டிக்கொள்ளும். ஒரு சாணில் விட்டால் வேகம் கிடையாது. கீலில் இருக்கும் ஸ்பிரிங்குக்கு முறுக்கு இருந்தால்தான் மூடும். ஆனால் ஒரு நாளைக்கு எட்டு வீடு பார்க்க வேண்டும். படார் என்ற சத்தம் காதில் விழுந்ததும் கை தன்னால் மூன்று கட்டத்துக்கும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிடும். எல்லா ஆய்வாளர்களும் அப்படித்தான். அவரும் அப்படித்தான். தனித்தனியாகப் போட்ட குறிக்கும் ஒரே இழுப்பில் போட்ட கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு எனக்குக் கண் மங்கிவிடவில்லை. தெரிந்துதான் முத்திரை குத்தினேன். இவருக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே, இருபத்திரண்டு வருடமாகக் குத்தினேன்.

அந்த வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. பல் டாக்டர், அவர் மனைவி, இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை, கூடவே இருந்த மனைவியின் தங்கை. ஆய்வாளர் சான்றிதழ் கொடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் மூன்றரை மணிக்குச் சித்தி குளத்தோரக் கொடியில் காய்ந்த துண்டுகளை எடுக்கப் போனாள். எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே போய் அவற்றை மடித்து அடுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது குழந்தையைக் காணவில்லை. குளத்தில் கிடந்தது. குழந்தை பிழைக்கவில்லை. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

விசாரணைக்கு மூன்று பேர் போனார்கள். கதவை முழுக்கத் திறந்து விட்டார்கள். படார். இன்னொரு தடவை விட்டார்கள். படார். கதவு விதிப்படி இருக்கிறது, துணி எடுக்க வசதியாக அதற்கு எதையோ முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருக்க வேண்டும், காரணம் குழந்தையின் சித்தியுடைய கவனக்குறைவு என்று எழுதினார்கள். அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். முட்டுக்கொடுத்தாயா என்று அந்தப் பெண்ணைக் கேட்டதற்கு, ஞாபகம் இல்லை, செய்திருப்பேன் போல என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு எதிராக அவள் வாயிலிருந்தே ஒரு வரி கிடைத்துவிட்டது. கோப்பை மூடினார்கள்.

எங்கள் ஆய்வாளர் மேல் ஒரு சொல் வரவில்லை. மேலதிகாரி தோளில் தட்டிக் கொடுத்தார். மறுநாளும் வழக்கமான நேரத்துக்கு வந்தார், வழக்கம்போல எட்டு வீடு போனார். ஆனால் அன்று சாயங்காலம் அவர் கொண்டுவந்த எட்டுப் படிவத்திலும் மூன்று கட்டங்களிலும் தனித்தனிக் குறி. ஒவ்வொன்றும் அழுத்திப் போட்டது. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்த வீட்டுப் படிவத்தில் இருந்தது ஒரே கோடு. முத்திரை குத்தி அடுக்கினேன்.

அப்படியே பதினோரு மாதம் போனது. சிரிப்பு நின்றுபோனதே தவிர வேறு ஒன்றும் மாறவில்லை. ஆள் அழவில்லை, குடிக்கவில்லை, ஒரு நாள் லீவு எடுக்கவில்லை. நாய்க்காரர் சான்றிதழைப் புதுப்பிக்க வந்தார், நாய்க்குட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டு, மனுவை மேசைமேல் வைக்கச் சொன்னார். அவர் மனைவி ஒரு தடவை எனக்குப் போன் செய்தாள்.

"சாப்பிடறாரு, தூங்கறாரு, டிவி பாக்கறாரு. என்ன சொன்னாலும் சரிங்கறாரு. சண்டையாவது போட்டா தேவலன்னு இருக்கு. ஆபீஸ்ல ஏதாவது நடந்துச்சா?"

"ஒண்ணும் இல்லம்மா, வேலை ஜாஸ்தி" என்றேன். எனக்கும் உள்ளே மரத்துப்போய்த்தான் இருந்தது. பொய் சொல்கிறோம் என்பதுகூட உறைக்கவில்லை.

பதினோராவது மாதம் அந்த வீட்டை விற்கப் போவதாக மனு வந்தது. குளம் உள்ள வீட்டை விற்கப் புதுச் சான்றிதழ் வேண்டும். சாவு நடந்த வீட்டுக்கு ஆய்வாளர் தனியாகப் போகக் கூடாது, அளப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்பது விதி. "நானே போறேன் மேடம், நீங்க எழுத வாங்க" என்றார். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை.

வாசல் கதவைத் திறந்தது சித்திதான். முப்பது வயது இருக்கும். டாக்டர் ஆஸ்பத்திரியில், அக்கா மாடியில் என்றாள். குளத்தில் நீர் நிறைந்து, அடித்தரை ஓட்டின் ஒவ்வொரு இணைப்பும் தெரியும் அளவுக்குச் சுத்தமாக இருந்தது. காலிக் குளம் இன்னும் ஆபத்து என்பதால் தண்ணீரை இறைத்துவிட விதி இடம் கொடுக்காது. பம்பை ஓட்டி, மருந்து போட்டு, இலையை அரித்து, காலையும் மாலையும் நோட்டில் குறிக்க வேண்டும். நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பதினோரு மாதத்தில் ஒரு நாள் விடுபடவில்லை. எல்லாம் ஒரே கையெழுத்து.

"நீங்கதான் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"வேற யாரும் இந்தப் பக்கம் வர்றதில்ல. அக்கா என்கூடப் பேசறதும் இல்ல. மாமா வழியாத்தான் சொல்லுவா." வெயில் அடிக்கிறது என்பதைப் போலச் சொன்னாள்.

ஆய்வாளர் வேலியை அளந்தார். கம்பிகளை அளந்தார். பிறகு கதவுக்கு வந்தார். முழுக்கத் திறந்து விட்டார். படார். பாதி திறந்து விட்டார். மெதுவாக வந்து தாழ்ப்பாளில் விழுந்தது. தூணுக்கும் கதவுக்கும் நடுவே விரல்களை விரித்து ஒரு சாண் வைத்தார், கையை எடுத்தார். கதவு வந்தது. தூணைத் தொட்டது. தொட்டபடி நின்றுவிட்டது. தாழ்ப்பாள் விழவில்லை. ஒரு விரலால் இழுத்தார், திறந்துகொண்டது. மறுபடி விட்டார், மறுபடி நின்றது. குனிந்து கீலைப் பார்த்தார். ஸ்பிரிங்கை முறுக்கேற்றும் திருகின் மேல் கதவுக்கு அடித்த அதே பெயிண்ட் காய்ந்து மூடியிருந்தது. மாட்டிய நாளிலிருந்து யாரும் அதைத் தொடவே இல்லை.

அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. "எழுதுங்க மேடம். மூணாவது கட்டம், மூடவில்லை."

எழுதினேன். அப்புறம் நான் செய்ததை மறைக்கப் போவதில்லை. அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன். "பழுதுன்னு மட்டும் போட்டுட்டுப் போயிடலாம் சார். அதுக்கு மேல அவங்க ஒண்ணும் கேக்கல. உங்க மக இன்னும் காலேஜ் முடிக்கல. வேலை போயிடும்."

"தெரியும் மேடம்" என்றார். கையை விடுவித்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனார்.

"அம்மா, இந்தக் கதவு கொஞ்சமா திறந்திருந்தா மூடாது. இப்ப இல்ல, மாட்டின நாள்லேருந்தே. நான் சர்டிபிகேட் கொடுக்க வந்தப்ப ஒரு தடவ முழுசாத் திறந்து விட்டுப் பாத்தேன். இப்படிப் பாக்கல. பாத்த மாதிரி எழுதிட்டேன். நீங்க எதையும் முட்டுக்கொடுத்திருக்க வேண்டியதில்ல. சும்மா வெளிய வந்தாலே போதும், இது இப்படித்தான் நின்னிருக்கும்."

கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத எங்க அக்காகிட்ட சொல்லுவீங்களா?" என்றாள். "நான் சொன்னா நம்ப மாட்டா."

ஆய்வாளர் வாசலில் செருப்பை விட்டுவிட்டு மாடிப்படி ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். குழந்தையின் அம்மா அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். அவர் கீழே சொன்ன அதே வார்த்தைகளை, கூட்டாமல் குறைக்காமல், நின்றபடியே சொன்னார். "நாளைக்கு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துடறேன்" என்றும் சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைக்காமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் எங்களைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு அவள் அந்தக் கொல்லைப் பக்கம் போனது அன்றைக்குத்தான் என்று சித்தி பின்னால் சொன்னாள்.

கதவருகில் போய் நின்று, தங்கை முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அன்னைக்குக் கையில என்ன இருந்துச்சு?"

"துண்டுதான்க்கா. ரெண்டு கையிலயும்."

"எப்படி வெளிய வந்த?"

தங்கை வாயால் சொல்லாமல் தோளைக் காட்டினாள். அக்கா வேலிக்குள் போனாள். கையில் இருந்த துணியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளி வெளியே வந்தாள். கதவு அவள் முதுகை உரசிக்கொண்டே வந்து, கடைசி ஒரு சாணில்தான் அவளை விட்டது. தூணைத் தொட்டு நின்றது. சத்தமே இல்லை. அவள் நாலடி நடந்து போய்த்தான் திரும்பிப் பார்த்தாள்.

மறுபடி உள்ளே போய் அதேபோல வந்தாள். மறுபடியும் நின்றது. நான் படிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஆய்வாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் போகச் சொல்லவும் ஆளில்லை, இருக்கச் சொல்லவும் ஆளில்லை.

மூன்றாவது தடவை அவள் உள்ளே போகவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்குக் காலையில குளத்துல குளிச்சுட்டு நானும் இப்படித்தான் வந்தேன்" என்றாள். "திரும்பிப் பாக்கல."

தங்கை போய் அக்காவின் பக்கத்தில் நின்றாள். அக்கா விலகவில்லை.